காருக்கு அடியில் அடித்த கறுப்பு பெயிண்ட்

1

எங்கள் காருக்கு இந்த மாதம் இருபது வயது முடிந்தது. கேக் எதுவும் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் வாகனத்தின் எம்.ஓ.டி. முடியப்போகிறது என்று அரசாங்கத்திடமிருந்து செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இந்த நாட்டில் என் பிறந்தநாளை நானே மறந்துபோவதுண்டு. கார் பிறந்த மாதத்தை அவர்கள் மறப்பதில்லை.

எம்.ஓ.டி. என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் டாக்சியும் லாரியும் வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகும் அல்லவா, அதுதான். இங்கே சொந்தக் காருக்கும் உண்டு. மூன்று வயது தாண்டிய கார் எதுவானாலும், அனுமதி பெற்ற பட்டறை ஒன்றுக்குப் போய், லிஃப்டில் ஏறி, அடிவயிறு தெரிய நிற்க வேண்டும். டெஸ்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகத் தட்டியும் ஆட்டியும் பார்ப்பார். பாஸ் என்றால் ஒரு தாள் தருவார். ஃபெயில் என்றாலும் ஒரு தாள் தருவார்.

நான் நீடாமங்கலத்துக்காரன். வட இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் பஸ் ஓட்டுகிறேன். மனைவி ஸ்டெல்லா தஞ்சாவூரில் நர்சிங் படித்தவள். நர்சுகளுக்கு இந்த நாடு கதவைத் திறந்து விட்ட காலத்தில் வேலை கிடைத்து அவள் முன்னால் வந்தாள், அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். இருபத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஒரே மகள் ரீட்டா, இங்கேயே பிறந்தவள்.

காரை வாங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்போது அதற்கே பதினேழு வயது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த வண்டி. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் புது வண்டியின் விலையைத் தேடிப் பார்த்து என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். நீளமான நாலு கதவு, தோல் சீட்டு, மரம் இழைத்த டாஷ்போர்டு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அத்தனையும் அடங்கிப்போகும். நாள் முழுக்க பஸ்ஸின் குலுக்கலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அமைதி பெரிய விஷயம்.

"மூணு பேருக்கு எதுக்குங்க இம்மாம் பெரிய காரு? சப்பரம் மாதிரி" என்றாள் ஸ்டெல்லா.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கார்கள் நம் ரோட்டுக்கு வரத் தொடங்கிய சமயத்தில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அப்பாவின் அம்பாசிடர் டாக்சிக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று வந்து நின்றது. கூட்ஸ் வண்டி ஷன்டிங் முடித்துப் போகும்வரை கண்ணாடியை இறக்காமல் அப்படியே நின்றது. அப்பாவும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசை என்பது அவ்வளவுதான். அதை ஸ்டெல்லாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

ரீட்டாதான் வாங்குவதற்கு முன் காரின் ஜாதகத்தைப் பார்த்தாள். இங்கே நம்பர் பிளேட்டை இணையத்தில் தட்டினால் போதும், அந்த வண்டி எந்தெந்த வருஷம் பாஸ், எந்தெந்த வருஷம் ஃபெயில், எந்தப் பாகம் தேய்ந்தது என்பதெல்லாம் வரிசையாக வந்து விழும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் பத்து வருஷம் மாசு மருவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மூட்டாக வலி தொடங்கியிருந்தது. ஒரு வருஷம் பின் பிரேக், ஒரு வருஷம் முன்சக்கரத்து ரப்பர் புஷ். பாஸ் ஆன வருஷங்களிலும் கீழே சின்ன எழுத்தில் 'கவனிக்கவும்' என்று நாலு வரி.

"பெரிய கார்ப்பா. புதுசா இருக்கும்போது பிரச்சன இல்ல. வயசானா நெறைய பார்ட்ஸ், நெறைய வேல" என்றாள் ரீட்டா. "இன்ஜின் சூப்பரா இருக்கு. அடியில மட்டும் ரஸ்ட் வருது. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா ஓடும்."

பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் கட்டாமல் இருக்க இங்கே உப்பை வாரிக் கொட்டுவார்கள். தரங்கம்பாடி உப்புக்காற்று நாலு வருஷத்தில் செய்வதை இந்த ரோட்டு உப்பு ஒரே சீசனில் செய்துவிடும்.

2

இதெல்லாம் ரீட்டாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவள் மெக்கானிக். இந்த வார்த்தையை நான் இப்படி வெளிப்படையாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

பதினெட்டு வயதில் யூனிவர்சிட்டி இடம் கையில் இருந்தது. வேண்டாம் என்றாள். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி கீத் என்ற வெள்ளைக்காரர் நடத்தும் பட்டறையில் அப்ரென்டிஸாகச் சேரப் போகிறேன் என்றாள். கீத் டெஸ்டரும்கூட. நான் கத்தினேன். ஸ்டெல்லா இரண்டு நாள் பேசவில்லை. ரீட்டா மூன்றாவது நாள் காலையில் நீலநிறத் தொளதொளா உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

டாக்சி டிரைவர் மகன் லண்டனுக்குப் போனான் (ஊரில் இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்), அவன் மகள் போய்க் காருக்கு அடியில் படுத்தாள் என்று ஊரில் எப்படிச் சொல்வேன்? என் தம்பி சகாயம் நீடாமங்கலத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். போனில் அவன் கேட்டபோது, "ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கிறாடா" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அது கோயில் முழுக்கப் பரவியிருக்கும். அவன் கடை இருக்கும் இடம் அப்படி.

ரீட்டா காதில் அந்தப் போன் பேச்சு விழுந்தது. அவள் தமிழ் கொஞ்சம் தத்தித் தத்தி நடக்கும், ஆனால் காது கூர்மை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தட்டோடு மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

3

நம்மூரில் எஃப்.சி. 'காட்டுறது' என்போம். அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூருக்கு வண்டியை எஃப்.சி. காட்ட எடுத்துக்கொண்டு போவார். அதற்கு முந்தின ஒரு வாரம் எங்கள் வீட்டில் கல்யாணக் களை. ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி தேய்த்து அடைப்பது, சீட்டுக்குப் புது உறை, வெளியே பாலிஷ், அடியில் ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட். அடிப்பது என் வேலை. மல்லாந்து படுத்து அடித்துவிட்டு எழுந்தால் முகமெல்லாம் கறுப்புப் புள்ளி.

டயர்தான் முக்கியம். அப்பாவின் வண்டியில் நாலும் மொட்டை. கூத்தாநல்லூரில் ஒரு பாய், குவைத்தில் இருந்து திரும்பி வந்து சொந்தமாகக் கார் வாங்கியவர், அப்பாவுக்கு சிநேகிதர். எஃப்.சி.க்கு முதல் நாள் அவர் வண்டியின் நாலு டயரும் எங்கள் வண்டிக்கு வரும். காட்டி முடித்து வந்ததும் அவர் டயர் அவர் வண்டிக்குப் போய்விடும். சோதித்த இன்ஸ்பெக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் முன்னால் நின்றது நல்ல டயர்தான்.

நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம், ஐப்பசி மழையில், திருவையாற்றில் இருந்து ஒரு வாத்தியாரையும் அவர் சம்சாரத்தையும் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் வந்துகொண்டிருந்தோம். நான் முன் சீட்டில். சாலியமங்கலம் தாண்டி ஒரு வளைவில் அப்பா பிரேக் போட்டார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், வாய்க்காலைத் தாண்டி, தாளடி நடவு நடந்துகொண்டிருந்த வயலில் மூக்கைக் குத்தியது. நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் இரண்டடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. வாத்தியாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு அப்பா சொன்னார்: "எஃப்.சி. காட்டி பதினஞ்சு நாள்தாங்க ஆவுது."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வாத்தியாருக்கு எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தக் கை தலைக்கு மேல் போகவே இல்லை. கரும்பலகையின் மேல்பாதியில் அவரால் அதற்கப்புறம் எழுத முடியவில்லையாம். அப்பா அவரைப் பார்க்க மாதம் ஒரு தடவை போவார். போய்விட்டு வந்தால் யாரோடும் பேசமாட்டார். சாகும்வரை, அந்த டயரைப் பற்றி அவரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

4

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்தேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார் வாங்கிய அடுத்த வருஷம் எம்.ஓ.டி. வந்தது. கீத்தின் பட்டறைக்கே கொண்டுபோவது என்று முடிவு. மகள் வேலை பார்க்கிற இடம். அங்கே நம் வண்டி லிஃப்டில் ஏறி, அடியெல்லாம் துரு தெரிய நிற்குமே, அதை ஊரறிய இணையத்தில் வேறு எழுதிவைப்பார்களே என்று எனக்குக் கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா டியூட்டிக்குப் போயிருந்தாள், ரீட்டா சிநேகிதிகளோடு வெளியே. தோட்டத்து ஷெட்டில் கறுப்பாக ஒரு டப்பா இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற தார் மாதிரியான பெயிண்ட். கை தானாகப் பிரஷ்ஷைத் தேடியது. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, மல்லாந்து படுத்தேன். முப்பது வருஷத்துக்கப்புறம் முகத்தில் அதே கறுப்புப் புள்ளி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை பட்டறைக்குப் போனேன். ரீட்டாவுக்கு அன்றைக்கு அப்ரென்டிஸ்களுக்கான காலேஜ் வகுப்பு. கீத்திடம், "ஐ கேம் டு ஷோ எம்.ஓ.டி." என்றேன். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஏதோ தாளைக் காட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். நம் 'காட்டுறது' இங்கே செல்லுபடியாகாது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கார் மேலே ஏறியது. கீத் விளக்கை அடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வண்டியை இறக்கிவிட்டார்.

"இதை நான் டெஸ்ட் செய்ய மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்தேன் என்று என்னால் எழுத முடியாது. யார் அடித்தது?"

அந்த இடத்தில் நான் அடித்தேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வாயில் வந்தது வேறு. "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றேன். ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. கீத் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சாவியைக் கையில் கொடுத்தார்.

5

மறுநாள் சாயங்காலம் ரீட்டா வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அப்பா, ஷெட்ல இருந்த டப்பா எங்க?"

நான் டி.வி.யைப் பார்த்தேன்.

"அது கீத்தோட டப்பாப்பா. தோட்டத்துக் கேட்டுக்கு அடிக்க மிச்சத்த கேட்டு வாங்கிட்டு வந்தேன். அவருக்கு அந்த பெயிண்ட் தெரியும். நாந்தான் அடிச்சேன்னு நெனைக்கிறாரு."

"நீ இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'அப்ப உனக்குத் தெரியுமா'ன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். அவரு நம்பலப்பா. இனிமே டெஸ்ட் நடக்கிற எடத்துக்கு வராத, டயர் மட்டும் மாத்துன்னு சொல்லிட்டாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டெஸ்டர் ஆக வேண்டும் என்பதுதான் அவள் முழு ஆசையும். அப்ரென்டிஸ் முடிந்து, தேவையான அனுபவம் சேர்ந்தபின் பரீட்சைக்கு அனுப்புகிறேன் என்று கீத் வாக்குக் கொடுத்திருந்தார். டெஸ்டருக்குப் படிப்பைவிட நல்ல பேர் முக்கியம். பொய்யாக ஒரு பாஸ் போட்டது தெரிந்தால் அவருக்கு வேலையும் போகும், பட்டறைக்கு அனுமதியும் போகும். மறைக்கிற பெண் என்று ஒரு தடவை எண்ணம் விழுந்துவிட்டால் யார் அவளை அனுப்புவார்கள்?

"கேவலம், ஒரு பெயிண்ட்தானேம்மா" என்றேன்.

"பெயிண்ட் இல்லப்பா. நீங்க பொய் பெயிண்ட் பண்ணிட்டீங்க." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடினாள். "என்னப் பத்தியும் அப்படித்தானே பண்றீங்க. சகாயம் சித்தப்பாகிட்ட."

மாடிக்குப் போய்விட்டாள். ஸ்டெல்லா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. போய் அந்தாளுகிட்ட சொல்லுங்க" என்றாள்.

6

மறுநாள் லீவு போட்டேன். டப்பா, பிரஷ், கறுப்புக் கறை பட்ட பேன்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். கொலைக் கேசில் சரணடைகிறவன் மாதிரி எல்லாவற்றையும் கீத்தின் மேஜைமேல் எடுத்து வைத்தேன்.

என்னுடைய ஆங்கிலம் பஸ்ஸுக்குள் ஓடுகிற ஆங்கிலம். அடுத்த நிறுத்தம், உள்ளே நகருங்கள், பார்த்து இறங்குங்கள், இதற்கு மேல் அதற்குப் பழக்கமில்லை. அதை வைத்துக்கொண்டு அப்பா, எஃப்.சி., கூத்தாநல்லூர் பாய், இரவல் டயர், ஐப்பசி மழை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நடவு என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் குனிந்து கையால் நட்டே காட்டினேன். பட்டறைத் தரையில் ஒரு பஸ் டிரைவர் நாற்று நடுவதை இரண்டு மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரீட்டா தூரத்தில் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கதையை அவளும் அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

கீத் முழுவதும் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த வாத்தியார் பிழைத்தாரா?"

பிழைத்தார், ஆனால் கை தூக்க முடியவில்லை என்றேன். கீத்திடம் கேட்க வேண்டிய மன்னிப்பா, அப்பாவுக்காகக் கேட்கிற மன்னிப்பா என்று தெரியாமல், "அவளுக்குத் தெரியாது, என் மகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கீத் எழுந்து போய் இரும்புச் சுரண்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அடித்தவரே சுரண்டட்டும். சனிக்கிழமை லிஃப்ட் காலி." பிறகு ரீட்டாவைப் பார்த்து, "நீ விளக்குப் பிடி" என்றார். அவ்வளவுதான், அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். இந்த ஊர்க்காரர்கள் மன்னிப்பை இவ்வளவு சிக்கனமாகத்தான் கொடுப்பார்கள்.

இரண்டு சனிக்கிழமை சுரண்டினேன். அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாவது சனிக்கிழமை, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரீட்டா விளக்கை நிறுத்தினாள்.

"அப்பா, இங்க தொடுங்க. மெதுவா."

பிரேக் எண்ணெய் போகிற குழாய். கை வைத்ததும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஈரமாக இருந்தது. பெயிண்டின் ஈரம் இல்லை, எண்ணெய் கசிகிற ஈரம். அந்தக் காரில்தான் ஸ்டெல்லாவை டியூட்டிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். அதில்தான் ரீட்டா ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாய்மேல்தான் சந்தோஷமாகக் கறுப்பு அடித்து மூடியிருந்தேன். கொஞ்ச நேரம் நான் அங்கேயே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். ரீட்டா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு என் முதுகில் கையை வைத்தாள். கையெல்லாம் கிரீஸ். என் சட்டையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. ஸ்டெல்லா அதை இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

அந்தக் குழாயை ரீட்டாதான் மாற்றினாள், கீத் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு அவரே டெஸ்ட் செய்து பாஸ் போட்டார். கீழே 'கவனிக்கவும்' என்று ஐந்து வரி. அத்தனையும் இணையத்தில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

7

ரீட்டா இந்த வருஷம் பரீட்சை எழுதி டெஸ்டர் ஆனாள். காருக்கு எம்.ஓ.டி. நினைவூட்டல் வந்ததும் கீத்தே சொன்னாராம்: குடும்பத்து வண்டியை டெஸ்ட் செய்யக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, நீயே பண்ணு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

கிளம்புகிற காலையில் அவளிடம் நான், "பாத்து செய்மா" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைக்கு விளக்கம் உங்களுக்குத் தேவையில்லை. ரேஷன் கடையிலும், ஜவுளிக் கடையிலும், தாசில்தார் ஆபீசிலும் நாம் எல்லோரும் சொல்வதுதான். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், கண்டும் காணாமல் விடுங்கள் என்று அர்த்தம். சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் இங்கே பிறந்த பெண்ணுக்கு அந்த அர்த்தம் எங்கே தெரியும்? பார்த்து என்றால் அவளுக்குப் பார்த்துதான்.

"ஓகேப்பா. நல்லா பாக்கறேன்" என்றாள்.

நல்லாத்தான் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து நானும் பார்த்தேன். கடப்பாரை மாதிரி ஒன்றை வைத்து ஒவ்வொரு மூட்டாக நெம்பினாள். புதுக் குழாயைத் தடவிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி அடியில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். முன் சக்கரத்துக்கு வந்ததும் விளக்கு நகரவே இல்லை. கீத்தைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்தபோது அவள் கையில் தாள் இருந்தது. என் கண்ணைப் பார்க்கத் தயங்கினாள். பிறகு பார்த்தாள்.

"ஃபெயில்ப்பா. முன்னாடி ஸ்ப்ரிங் ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச முனை டயர்கிட்ட நிக்குது. டேஞ்சரஸ்னு போட்டுட்டேன். இத நீங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகக்கூடாது. சனிக்கிழம நானே மாத்தித் தரேன். இன்னிக்கு பஸ்ல போங்க."

மறுநாள் அந்தக் காரில் ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு மோட்டார்வேயில் நூறு மைல் போவதாக இருந்தேன். அவள் அக்காள் மகன் கல்யாணம். அந்த வேகத்தில் டயர் கிழிந்திருந்தால்... வேண்டாம். "சரிம்மா" என்றேன். கீத் எனக்குக் கை கொடுத்தார். வண்டி ஃபெயிலான ஆளுக்கு டெஸ்டர் கை கொடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து சகாயத்துக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

"டேய், ரீட்டா ஃபெயில் போட்டுட்டாடா."

"அய்யய்யோ. பரவால்லண்ணே, புள்ளய திட்டாதீங்க. அடுத்த தடவ எழுதிக்கலாம்."

"அவ ஃபெயில் ஆவலடா. அவ ஃபெயில் போட்டா. எனக்கு."

அவனுக்குப் புரியவில்லை. முதலில் இருந்து சொன்னேன். இன்ஜினியரிங் இல்லை என்பதில் தொடங்கி, பெயிண்ட், சுரண்டியது, குழாய், இன்றைக்கு ஸ்ப்ரிங். "மெக்கானிக்டா அவ. இப்ப டெஸ்டர். நான்தான் ஒங்கிட்ட பொய் சொன்னேன். கோயில்ல யாரு கேட்டாலும் இனிமே இதையே சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"பேப்பர்ல என்னண்ணே போட்டிருக்கு? படிங்க."

தமிழில் மாற்றி மாற்றிப் படித்தேன். இடது முன் ஸ்ப்ரிங் உடைந்திருக்கிறது, அபாயம். வலது பின் புஷ் தேய்மானம், கவனிக்கவும். முடிவு, ஃபெயில். சோதித்தவர், ரீட்டா ஆரோக்கியசாமி.

"அப்பா பேரா போட்டிருக்கு?" என்றான்.

இங்கே வந்த புதிதில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை அதில் எழுதினேன். அன்றிலிருந்து டெப்போவில் நான் மிஸ்டர் ஆரோக்கியசாமி, ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர் ஆரோக்கியசாமி. மகளுக்கும் அதுவே நின்றுவிட்டது. எத்தனையோ பில்லிலும் கடிதத்திலும் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன், எந்தத் தாளிலும் அது என்னை இப்படி நிறுத்தியதில்லை.

"ஆமாடா. அப்பா பேருதான்."

போனுக்குள் நீடாமங்கலம் கேட்டில் நிற்கிற வண்டிகளின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. சகாயம் மூக்கை உறிஞ்சினான்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்கண்ணே" என்றான்.

படித்தேன்.